முதல் அம்பு எங்கே விழுகிறது? வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டில் வில்லால் மான் வேட்டையாடச் செல்லும் நம் சிங்கப்பூரர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு, இந்தப் பகுதி தொடங்கிய நாளிலிருந்து வேறு எதற்கும் வராத அளவுக்குக் கடிதங்கள் வந்துள்ளன. சில கோபமானவை, பல ஆர்வமானவை. இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

*மூன்று ஆண்டுகளாக உள்ளரங்கில் காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் சிறு சக்கரங்கள் பொருத்திய வில்) பழகுகிறேன். 18 மீட்டரில் ஆறு அம்புகளும் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் விழுகின்றன. வரும் ஏப்ரலில் மான் வேட்டைக்கு வரும்படி நியூசிலாந்தில் இருக்கும் என் மைத்துனர் அழைக்கிறார். நான் அதற்குத் தயாராகிவிட்டேனா, ஐயா? (செங்காங்)*

ஆறு அம்புகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் அம்பைப் பற்றி எழுதவில்லை. வேட்டையில் இரண்டாம் அம்புக்குப் பெரும்பாலும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. உடல் சூடேறி, கை பழகி, மூன்றாம் சுற்றில் நீங்கள் எய்யும் அம்பு வேறு. விடியற்காலைக் குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் அமர்ந்துவிட்டு, விறைத்த தோளோடு எழுந்து எய்யும் அம்பு வேறு. ஆகவே இன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி அரங்குக்குப் போனதும், கை கால்களைச் சூடேற்றாமல், பையைத் திறந்தவுடன் ஒரே ஓர் அம்பை எய்து, அது விழுந்த இடத்தை நாளோடும் தூரத்தோடும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு அன்று எத்தனை அம்புகள் எய்தாலும் அவற்றை எழுத வேண்டாம். உணவங்காடியில் கொடுக்கும் காகிதத் தட்டு ஒன்றை இலக்காக மாட்டிக்கொள்ளலாம். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ அந்த அளவுதான். இருபது நாள்களின் முதல் அம்புகளும் எந்தத் தூரம்வரை ஒன்றுகூடத் தப்பாமல் தட்டுக்குள் விழுந்தனவோ, அதிலிருந்து ஐந்து மீட்டரைக் கழித்தால் வருவதே காட்டில் உங்களுடைய தூரம். அது 20 மீட்டராக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வில்லால் வேட்டையாடுபவர்களில் பெரும்பாலோர் எய்யும் தூரம் அதற்கு வெகுதொலைவில் இல்லை.

அடுத்தது தூரத்தை அளவிடும் பழக்கம். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பை எடுத்துக்கொள்வோம். அது இன்றைய காம்பவுண்ட் வில்லுக்குச் சாதாரண வேகம். 35 மீட்டரில் நிற்கும் மானை 30 மீட்டர் என்று தவறாக மதிப்பிட்டு எய்தால், அம்பு ஏறத்தாழ 12 செண்டிமீட்டர் தாழ்வாகப் போகும். தட்டின் நடுவிலிருந்து அரைச் சாண் இறங்கினால் அம்பு தட்டுக்கு வெளியே போய்விடும். தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறதே என்பீர்கள். கருவியை எடுத்து, கண்ணில் வைத்து, திரும்பப் பையில் போடும் நேரத்தை மான் எல்லா வேளையிலும் தருவதில்லை. வில் இல்லாமலே இதைப் பழகலாம். உங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ஒரு தூணருகே நின்று, கண்ணில் படும் இன்னொரு தூண் எத்தனை மீட்டர் என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, பிறகு காலடியால் அளந்து பாருங்கள். எம்ஆர்டி நடைமேடையிலும் பூங்காப் பாதையிலும் இதையே செய்யுங்கள். வெட்டவெளியில் ஒரு பொருள் கிட்டத்தில் இருப்பதுபோலவும், மர நிழலில் அதே பொருள் எட்டத்தில் இருப்பதுபோலவும் கண் ஏமாற்றுவதை ஒரு மாதத்தில் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

மூன்றாவது, எங்கே குறிவைப்பது என்பது. குளிர்பதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, மானின் பக்கவாட்டு உருவத்தை அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். இதயத்தையும் நுரையீரலையும் பின்பக்கத்தில் மட்டும் வரையுங்கள். முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. உண்மையான மானின் மேல் யாரும் வட்டம் போட்டு வைப்பதில்லை. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டிக் கண்ணை மேலே ஏற்றி, அடிவயிற்றுக் கோட்டிலிருந்து உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். எய்த பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அம்பு எதைத் துளைத்தது என்பது தெரியும். என்னிடம் பயின்ற ஒருவர், சதுரங்கம் ஆடுபவரைப்போல் எதையும் கணக்கிட்டுச் செய்பவர், முதல் நாளில் பத்தில் ஏழு அம்புகளைத் தோள்பட்டை எலும்பில் செருகியிருந்தார். மான் சாய்ந்து நிற்பதைப் பழக, அட்டையைச் சற்றுத் திருப்பி நிறுத்துங்கள். பின்புறம் நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால், எதிர்ப்பக்கத்து முன்னங்காலை மனத்தில் வைத்து அதை நோக்கி எய்ய வேண்டும். மார்பு நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தாலோ நேருக்கு நேர் நின்றாலோ எய்யவே கூடாது. தோள் எலும்பும் மார்பெலும்பும் அம்பைத் தடுத்துவிடும், மான் காயத்தோடு ஓடிவிடும்.

நான்காவது, மானைக் கண்டதும் நெஞ்சு படபடத்துக் கை நடுங்குவது. இதற்கு மருந்து கிடையாது, பழக்கம் மட்டும் உண்டு. அரங்கில் இருபது முறை தோப்புக்கரணம் போட்டுவிட்டு உடனே அந்த ஒற்றை அம்பை எய்து பாருங்கள். நாணை முழுதாக இழுத்து ஒரு நிமிடம் பிடித்திருந்து, எய்யாமலே மெல்ல இறக்கவும் பழகுங்கள். இழுத்துவிட்டோம் என்பதற்காக எய்து தொலைப்பவர்களே அதிகம். காம்பவுண்ட் வில்லில் முழு இழுப்பில் கைக்கு வரும் எடை முக்கால் பங்குக்குமேல் குறைந்துவிடுவதால் ஒரு நிமிடம் பிடிப்பது இயலாத காரியம் அன்று.

நீங்கள் தயாரா என்றால், இப்போது இல்லை; குறிப்பேட்டை இன்று தொடங்கினால் ஏப்ரலுக்குள் தயாராகிவிடலாம்.

*என் வில்லின் இழுவிசை 50 பவுண்டு. 70 பவுண்டு இல்லாமல் மானை வீழ்த்த முடியாது என்கிறார் நண்பர். மாற்ற வேண்டுமா? (தெம்பனிஸ்)*

வேண்டாம். தோட்டாவைப்போல் அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை; அதன் கூர்முனை இரத்தக்குழாய்களையும் நுரையீரலையும் வெட்டுவதால் மான் சில நொடிகளில் நினைவிழந்து விழுகிறது. எனவே சரியான இடத்தில் படும் கூரான முனையே முதன்மையானது. வேகம் அதற்குப் பின்னால்தான். ஃபேலோ மானுக்கும் புள்ளிமானுக்கும் 50 பவுண்டு வில், சற்றுக் கனமான அம்பு, வெட்டும் அலகுகள் இரண்டு கொண்ட அசையா முனை ஆகியவை போதும். 200 கிலோவைத் தாண்டும் கடமான் கிடாவைத் தேடிப் போவதானால் மட்டும் யோசிக்க வேண்டும். சில இடங்களில் குறைந்தபட்ச இழுவிசையைச் சட்டமே வரையறுத்திருப்பதால் போகும் மாநிலத்தின் விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் அமர்ந்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை இலக்கை நோக்கி நேராக நீட்டியபடியே நாணை இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்காமல் இழுக்க முடியவில்லையென்றால் அந்த வில் உங்களுக்குக் கனம். வானத்துக்கு உயரும் வில்லை மான் பார்க்காமல் இருக்காது.

*சாதாரண முனையில் அம்பு நடுவில் விழுகிறது. வேட்டைக்கான பிராட்ஹெட் முனையை மாட்டினால் 30 மீட்டரில் ஒரு கையளவு இடப்பக்கம் போகிறது. முனையில் கோளாறா? (புக்கிட் பாத்தோக்)*

முனை குற்றமற்றது. அது உங்கள் வில்லின் குற்றத்தைச் சொல்கிறது. அகன்ற அலகுகள் அம்பின் முன்புறத்தில் சிறகைப்போல் வேலை செய்கின்றன. நாணைவிட்டு அம்பு சற்றே கோணலாகப் புறப்பட்டாலும் அந்தக் கோணலைப் பெரிதாக்கிவிடுகின்றன. சாதாரண முனையில் பின்னிறகுகள் அந்தப் பிழையை மறைத்துவிடும். முதலில் வில்லின் பிடியை இறுகப் பற்றித் திருகுகிறீர்களா என்று பாருங்கள்; பாதிக் கோளாறு கையில்தான் இருக்கும். அதன் பிறகு அம்பு அமரும் தாங்கியை வலப்பக்கமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, இரண்டு வகை முனைகளையும் மாற்றி மாற்றி எய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இதைத் தொடர வேண்டும். குறிபார்க்க உதவும் சைட் பின்னைத் திருப்பிச் சரிசெய்தால் நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போட்டதாகும்.

பிராட்ஹெட் முனையைப் பல பயிற்சி அரங்குகள் அனுமதிப்பதில்லை, அது இலக்கின் பொதியைக் கிழித்துவிடும். கேட்காமல் மாட்டாதீர்கள். இங்கே வழியில்லையென்றால், வேட்டைக்கு இரண்டு நாள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்து, நுரைப்பொதி ஒன்றில் சோதித்துப் பாருங்கள். சோதித்த முனையை வேட்டைக்கு எடுக்கக் கூடாது. நுரையில் பாய்ந்த அலகு மழுங்கியிருக்கும். தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக் கட்டோடு வரும் ரப்பர் வளையத்தைச் சிறு தீப்பெட்டியின்மேல் இழுத்து மாட்டி, அலகை அதன்மேல் அழுத்தாமல் லேசாக ஓட்டிப் பாருங்கள். ரப்பர் உடனே அறுபட வேண்டும். அலகு வழுக்கி நழுவினால் அந்த முனையைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

*சென்ற ஆண்டு குவீன்ஸ்லாந்தில் 27 மீட்டரில் நின்ற புள்ளிமான் மீது எய்தேன். குறி சரி, அம்பும் நேராகச் சென்றது. ஆனால் மானின் முதுகுக்குமேல் பறந்துவிட்டது. எப்படி? (ஈசூன்)*

மான் குனிந்துவிட்டது, ஐயா. அம்பைக் கண்டு குனியவில்லை. நாணின் ஓசையைக் கேட்டுக் குனிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 85 மீட்டர் செல்லும் அம்பு 27 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.32 நொடி ஆகிறது. நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி 0.08 நொடியில் மானின் காதை எட்டிவிடுகிறது. மிஞ்சும் 0.24 நொடியில், திடுக்கிட்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்குகிறது. மடக்குவதற்கு அது 0.15 நொடி எடுத்துக்கொண்டாலே, புவியீர்ப்பு மட்டும் அதன் உடலை 11 செண்டிமீட்டர் இறக்கிவிடும். அது தப்பிக்கத் திட்டமிட்டுக் குனிவதில்லை. ஓட வேண்டுமானால் முதலில் காலை மடக்கியாக வேண்டும்.

இன்னும் வேகமான வில்லை வாங்குவதால் இது தீராது. எவ்வளவு வேகமான அம்பும் ஒலியை வெல்லாது. வில்லின் ஓசையைக் குறைக்கலாம். கனமான அம்பு எய்தால் வில் அடங்கி ஒலிக்கும். அதைவிட முக்கியமானது மானின் காதைப் படிப்பது. தலை குனிந்து மேயும் மான், காதுகளைத் தளர்வாக ஆட்டிக்கொண்டிருக்கும் மான், எய்வதற்கு உரியது. தலையை நிமிர்த்தி, இரு காதுகளையும் உங்கள் பக்கம் குவித்து நிற்கும் மான் நாண் ஒலிக்குமுன்பே பாதி ஓடிவிட்ட மான். அது 15 மீட்டரில் நின்றாலும் நான் எய்ய மாட்டேன்.

குவீன்ஸ்லாந்தின் புள்ளிமான்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் அதிகம் என்பதற்கு என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. 1886ஆம் ஆண்டில் மேரிவேல் பண்ணையில் விடப்பட்ட மான்களின் வழிவந்தவை அவை. நம் தமிழ்நாட்டுக் காடுகளில் திரியும் அதே இனம். புலிக்கும் செந்நாய்க்கும் தப்பிப் பிழைத்த பரம்பரையின் காது, அவை இல்லாத ஊருக்குப் போனாலும் மந்தமாகிவிடுவதில்லை.

*தலைக்கு எண்ணெய் வைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடியாது. வேட்டைக்குப் போனால் விட வேண்டுமா? (ஜூரோங் வெஸ்ட்)*

விட வேண்டும். தலை எண்ணெய், கோடாலித் தைலம், ஊதுபத்தி மணம் ஏறிய சட்டை எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். ஆனால் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மனித வாடை முழுவதும் போகாது என்பதால், காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீசும்படி நிற்பதே உண்மையான தற்காப்பு. மலைச்சரிவில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே எழும். மாலையில் மறுபடி இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குத் தவறாகிவிடுவது இதனால்தான். சிறு பிதுக்குக் குப்பியில் முகப்பவுடரை (மணமில்லாததாகப் பார்த்து) வைத்துக்கொண்டு அவ்வப்போது ஊதிப் பாருங்கள்.

துணியைப் பற்றியும் ஒன்று. மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். எனவே ஜீன்ஸ் வேண்டாம். துணி பளிச்சிட வேதிப்பொருள் சேர்த்த சலவைத்தூளும் வேண்டாம்.

*மண்டாய் பக்கம் மெதுவோட்டம் போகும்போது இருமுறை கடமானைப் பார்த்தேன். இங்கேயே இவ்வளவு மான் இருக்க, வெளிநாடு போவானேன்? (உட்லண்ட்ஸ்)*

இங்கே வனவிலங்குச் சட்டப்படி அவற்றைத் தொடக்கூட முடியாது என்பதால். வில்லை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பதையும் கனவில்கூட நினைக்காதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும், பிரிட்டனில் வில்லால் மான் எய்வதற்கான தடையும் இதேபோல் கண்டிப்பானவை. நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சில கடமான்களின் வழித்தோன்றல்கள். பாதையை விட்டு இறங்காமல், உணவு எதுவும் போடாமல், நின்று பாருங்கள். முன்னங்கால் முன்னும் பின்னும் போகும்போது தோள் எலும்பு எப்படி நகர்கிறது, தலையைத் தூக்குவதற்குமுன் வால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அட்டை மான் கற்றுத்தராதது அது.

*வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் பாடியிருக்கிறார்களே, அது நடக்குமா? (புவன விஸ்தா)*

புலவருக்கு நடக்கும். ஆனால் அம்பு ஒரு மானை ஊடுருவி மறுபக்கம் போவது இன்றும் அன்றாடம் நடப்பதே. நன்றாக எய்த அம்பு பெரும்பாலும் உள்ளே தங்குவதில்லை. ஆகவே மானுக்குப் பின்னால் இன்னொரு மான், கன்று, வேலி, மனிதர் யார் இருந்தாலும் எய்யக் கூடாது. ஓரியின் பெருமை நமக்குக் குற்றம்.

*துப்பாக்கி இருக்கும்போது வில்லால் எய்து ஒரு வாயில்லா உயிரை வதைப்பது பாவம் இல்லையா? கோபத்தோடுதான் கேட்கிறேன். (பெயர், ஊர் வேண்டாம்)*

கோபம் நியாயமானது, சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். நியூசிலாந்தில் மான் மனிதன் கொண்டுவந்துவிட்ட விலங்கு. அங்கே அதற்கு மனிதனைத் தவிர வேறு பகை இல்லை. பெருகினால் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. எனவே யாராவது சுடத்தான் போகிறார்கள். அந்த வேலையைத் துப்பாக்கி தொலைவிலிருந்து விரைவாக முடிக்கும் என்பதையும் மறுக்கவில்லை. வில்லெடுப்பவன் நெருங்கிப் போக வேண்டும், பத்தில் ஒன்பது முறை எய்யாமல் திரும்ப வேண்டும். அந்த ஒன்பதை ஏற்காதவன் எடுத்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

எனக்கே நடந்தது. பல ஆண்டுகளுக்குமுன், நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில், மாலை வெளிச்சம் மங்கும் நேரம். 32 மீட்டரில் ஃபேலோ கிடா ஒன்று பக்கவாட்டில் நின்றது. என் குறிப்பேட்டின்படி என் தூரம் 28. நான்கு மீட்டர்தானே என்று எய்தேன். விரல் விட்ட அதே கணத்தில் மான் ஓர் அடி எடுத்து வைத்தது; அம்பு விலாவுக்குப் பின்னால் போனது. போய் அம்பை எடுத்துப் பார்த்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாக, நுரையோடு இரத்தம் இருக்கும். அரை மணி காத்திருந்து போகலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். நான்கு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். என் அம்பில் பச்சையும் பழுப்புமாகப் பிசுபிசுப்பு இருந்தது. முகர்ந்தால் குடலின் நாற்றம். அப்படியானால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்த இடத்தைவிட்டு விலகியிருக்க வேண்டும். காயம்பட்ட மான் முதலில் பதுங்கும் இடத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் எழுந்து கண்காணாமல் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், மழை வந்து தடத்தை அழித்துவிடுமே என்ற பதற்றத்தில் கால் மணி நேரத்தில் பின்தொடர்ந்தேன். அறுபது அடி தூரத்தில் அது படுத்திருந்த பெரணிப் புதர் சலசலத்தது, பிறகு ஓசையில்லை. இரவு மழை பெய்தது. மறுநாள் பொழுது சாயும்வரை பண்ணைக்காரரும் நானும் தேடினோம், கிடைக்கவில்லை. பண்ணைக்காரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் நான் மறுபடி வில்லை எடுக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு, அந்த மானைப் பொறுத்தவரை, ஆம் என்பதே பதில்.

*நியூசிலாந்துக்கு வில்லை விமானத்தில் கொண்டுபோக முடியுமா? உரிமம் வேண்டுமா? (பொங்கோல்)*

கெட்டியான பெட்டியில் வைத்து, சரக்குப் பகுதியில் அனுப்பலாம். விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே துப்பாக்கிக்குத்தான் உரிமம் தேவை, வில்லுக்குத் தேவையில்லை. ஆனால் பொது நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டும், தனியார் நிலமானால் உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைப் பல் துலக்கும் தூரிகையால் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பயணி அறிவிப்புப் படிவத்தில் பயன்படுத்திய காலணி உள்ளது என்று மறைக்காமல் குறிப்பிடுங்கள். மண் இருந்தால் அதிகாரிகள் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.